தாத்தாவின் கணக்கு நோட்டும் எங்க ஊரு பாதாள சாக்கடையும்

முன்குறிப்பு: கையில தட்டு வச்சிக்கிட்டுப் படிக்கிறவங்க சாப்பிட்டு, கை கழுவிட்டு வாங்க. பதிவு எங்கயும் ஓடிடாது.

சில வருஷம் முன்னாடி ஒருநாள் ராஜபாளையத்துல இருந்து அம்மா போன் பண்ணாங்க. வழக்கமா "சாப்டியா"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. அன்னைக்கு எடுத்ததுமே, "ஏய்யா, நம்ம தெருவைத் தோண்டிப் போட்டாச்சு. வாசல்ல ஒரு தொட்டி கட்டி, வீட்டுக் கக்கூஸை அதுல சேக்கணுமாம். நம்ம டேங்குக்கு என்ன கேடு? உங்க தாத்தா கோட்டை மாதிரி கட்டுனது. இத்தன வருஷத்துல நாலே தடவதான் எடுத்திருக்கு. நான் வேண்டாம்னு சொல்லிரட்டா?"ன்னு கேட்டாங்க.

நாலே தடவையா? எனக்கு அது நெருடுச்சு. செப்டிக் டேங்கை 2-3 வருஷத்துக்கு ஒருதரம் எடுக்கணும்னு பாடப்புத்தகம் சொல்லுது. 40 வருஷத்துக்கும் மேல ஓடின டேங்கை நாலு தடவைதான் எடுத்திருக்குன்னா மீதி எல்லாம் எங்க போச்சு? ஒண்ணும் சொல்லிராதீங்க, நான் வாரேன்னு சொல்லிட்டு அடுத்த வாரமே பஸ் ஏறிட்டேன்.

எங்க தாத்தா கணக்கு எழுதுற மனுஷன். கருவேப்பிலைக்குக் குடுத்த காசு கூட நோட்டுல ஏறிரும். அந்த நோட்டுகள் பரண்ல ஒரு டிரங்குப் பெட்டியில கெடந்துச்சு. கரையான் தின்னது போக மிஞ்சுனதுல 1974ஆம் வருஷ நோட்டும் இருந்துச்சு. "செப்டிக் டேங்க் வகை"ன்னு தலைப்புப் போட்டு செங்கல், சிமெண்ட் 14 மூடை, கடப்பாக்கல் 3, கொத்தனார், சித்தாள்னு வரிசையா எழுதியிருந்தார். அடுத்தடுத்த நோட்டுகளைப் புரட்டினா 1981லயும் 1988லயும் ஒரே மாதிரி ஒரு வரி இருக்கு.

"டேங்க் சுத்தம். ஆள் 2. சாப்பாடு தனி."

1997லயும் 2009லயும் (இது அம்மா கையெழுத்து) "டேங்க் லாரி"ன்னு மட்டும் இருக்கு. ஆக மொத்தம் நாலு. அம்மா சொன்ன கணக்கு சரிதான்.

அந்த நாலு வரிக்குள்ள எங்க ஊரு வரலாறு கொஞ்சம் ஒளிஞ்சிருக்கு. அதை எழுதத்தான் இந்தப் பதிவு.

டேங்குக்கு முன்னால

எங்க தெருவுல பழைய வீடுகளுக்குப் பின்னாடி ஒரு சந்து உண்டு. ரெண்டு பேர் எதிரெதிரா வந்தா ஒருத்தர் சுவத்தோட ஒட்டி நிக்கணும், அவ்வளவுதான் அகலம். சின்னப் புள்ளையில நாங்க அதுல கண்ணாமூச்சி ஆடியிருக்கோம். எதுக்கு இந்தச் சந்துன்னு யோசிச்சதே இல்ல. ஒவ்வொரு வீட்டுக் கொல்லைச் சுவத்துலயும் தரையை ஒட்டி ஒரு சின்னத் தகரக் கதவு இருக்கும். ஏதோ கோழிக்கூண்டுன்னு நெனச்சிருந்தேன்.

கோழிக்கூண்டு இல்ல, அதுதான் எடுப்புக் கக்கூஸ். உள்ள ஒரு வாளியோ தகரமோ இருக்கும், மேல கொஞ்சம் சாம்பல். விடியறதுக்கு முன்னால ஒரு அம்மா அந்தச் சந்து வழியா வந்து, தகரக் கதவைத் திறந்து, எல்லாத்தையும் கூடையில வாரிக்கிட்டுப் போவாங்க. வீட்டுக்காரங்க அவங்க மொகத்தைப் பாக்க வேண்டிய அவசியமே இல்ல. அதுக்குத்தான் அந்தச் சந்து! தேரோட்டத்துக்காக மாடவீதியைத் திட்டம் போட்டுக் கட்டுன மாதிரி, ஒரு மனுஷர் கண்ணுல படாம வந்து போறதுக்கும் திட்டம் போட்டுக் கட்டியிருக்காங்க.

இதுவும் வசதி உள்ள வீடுகளுக்குத்தான். மத்தவங்க எல்லாம் கம்மாக்கரை, ஓடைக்கரை, கருவக்காடு. ஆம்பளைக எப்ப வேணாலும் போவாங்க. பொம்பளைக இருட்டுக்குக் காத்திருக்கணும். ஸ்ரீவில்லிபுத்தூர்ல வாக்கப்பட்ட எங்க சித்தி சொல்லுவாங்க, "ராத்திரி தண்ணி குடிக்கவே யோசிப்போம்"னு.

1957ல மத்திய அரசு மல்கானி தலைமையில ஒரு குழு போட்டுச்சு. மலம் அள்ளுறவங்க நெலமை என்னன்னு பாத்து 1960ல அறிக்கை குடுத்தாங்க. தலையில கூடை சுமக்கிறதை நிறுத்துங்க, தள்ளுவண்டியும் மூடி போட்ட வாளியும் குடுங்கன்னு அதுல இருந்துச்சு. நல்லாக் கவனிங்க, சுதந்திரம் வந்து 13 வருஷம் கழிச்சும் கூடைக்குப் பதிலா வண்டிங்கிறதுதான் சீர்திருத்தம். எடுப்புக் கக்கூஸையே தடை பண்ற சட்டம் 1993லதான் வந்துச்சு. அதோட ஓட்டைகளை அடைச்சு, கையால மலம் அள்ளுற வேலையில ஆளை வைக்கிறதே குத்தம்னு இன்னும் கடுமையான சட்டம் வந்தது 2013ல.

எங்க தாத்தா 1974லயே டேங்க் கட்டிட்டார். அதுல அவருக்குப் பெருமை. தெருவுலயே முதல் டேங்க் நம்ம வீட்டு டேங்குதான்னு சொல்லிக்கிட்டே இருப்பார்.

டேங்கு வந்த கதை

செப்டிக் டேங்கோட பூர்வீகம் பிரான்ஸ். 1860 வாக்குல மூராஸ்ங்கிறவர் தன் வீட்டுக் கழிவு போறதுக்கு ஒரு தொட்டி கட்டுனார். வருஷங்கள் கழிச்சுத் திறந்து பாத்தா, நெறைஞ்சு கெடக்கும்னு நெனச்சது பெரும்பாலும் தண்ணியா இருந்துச்சாம். 1881ல அதுக்கு உரிமம் வாங்கிட்டார். 1890கள்ல இங்கிலாந்துல எக்ஸிட்டர்ங்கிற ஊர்ல கேமரூன்ங்கிற இஞ்சினியர் அதையே பெருசாக் கட்டி 'செப்டிக் டேங்க்'னு பேரும் வச்சார். அந்தப் பேரு அப்படியே எங்க ஊரு கொத்தனார் வாய் வரைக்கும் வந்துருச்சு.

வேலை செய்யற விதம் ரொம்ப எளிசு. கனமானது அடியில தங்கும். எண்ணெய்ப் பசை மாதிரி லேசானது மேல ஏடு கட்டும். நடுவுல இருக்கிற கலங்கல் தண்ணி வெளியேறும். காத்து இல்லாத எடத்துல வாழுற கிருமிகள் அடிவண்டலைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னு கரைக்கும். ஆனா முழுசாத் தின்னாது. அதனாலதான் 2-3 வருஷத்துக்கு ஒருதரம் வண்டலை எடுக்கணும். வெளியேறுற தண்ணியும் சுத்தம் கிடையாது. அழுக்குல மூணுல ஒரு பங்கு கொறைஞ்சிருக்கும், அவ்வளவுதான். அதை உறிஞ்சுகுழி வெட்டி மண்ணுக்குள்ள விடணும்னு விதி. எங்க பக்கம் நிறைய வீடுகள்ல நேரா வாறுகாலுக்குத்தான் விட்டிருப்பாங்க. (வெளியூர்க்காரங்களுக்கு: வாறுகால்னா தெருவோரத் திறந்த சாக்கடை. விருதுநகர், திருநெல்வேலிப் பக்கத்துச் சொல்லு.)

எங்க டேங்கைக் கட்டுன கொத்தனார் நான் போனப்ப உயிரோட இருந்தார். வயசு 80க்கு மேல. தேடிப் போயி, "தாத்தா, எங்க வீட்டு டேங்க் மட்டும் எப்படி நெறையாமலே இருந்துச்சு?"ன்னு கேட்டேன். பொக்கை வாயைத் திறந்து சிரிச்சார்.

"அடியில பூசலைல்லா! பூசுனா வெரசா நெறஞ்சிரும். உங்க தாத்தாதான் அடியப் பூசாதய்யான்னாரு. அப்ப எல்லாருமே அப்படித்தான் கட்டச் சொல்லுவாக."

கோட்டைக்கு நாலு பக்கமும் மதில் இருந்துச்சு. தரைதான் இல்ல.

எனக்கு உடனே எங்க வீட்டுக் கிணறு ஞாபகத்துக்கு வந்துச்சு. டேங்குல இருந்து பத்துப் பதினஞ்சு எட்டு. நான் பள்ளிக்கூடம் படிக்கிற காலத்துல அதுலதான் குளிப்போம், பாத்திரம் கழுவுவோம். 90கள்ல தண்ணியில ஒரு வாடை வர ஆரம்பிச்சுச்சு. வீட்டுல வயித்துப்போக்கு அடிக்கடி வந்துச்சு. "கிணறு கெட்டுப் போச்சு"ன்னு சொல்லி மேல பலகைக்கல்லைப் போட்டு மூடிட்டோம். மழை கொறைஞ்சு போச்சு, போர் போட்டுட்டாங்கன்னு என்னென்னவோ காரணம் சொல்லிக்கிட்டோம். கிணறு தானாக் கெடல, நாங்கதான் கெடுத்தோம். டேங்க் நெறையாத பெருமையும் கிணறு கெட்ட துக்கமும் ஒரே கதையோட ரெண்டு பக்கம்னு புரிய எனக்கு 20 வருஷத்துக்கு மேல ஆயிருக்கு.

இதைவிட எளிசா சிமெண்ட் உறையை ஒண்ணு மேல ஒண்ணு எறக்கிக் குழி அமைச்ச வீடுகளும் ஏராளம். கீழடியில தோண்டுனப்ப சுடுமண் உறைகிணறு கெடைச்சதுன்னு எல்லாரும் பெருமைப்பட்டோம். 2000 வருஷத்துக்கும் முன்னால நம்மாளுங்க நல்ல தண்ணி எடுக்க உறை எறக்குனாங்க. நாம அதே உறையை எதுக்கு எறக்குறோம் பாருங்க.

ஆள் 2

இப்ப அந்த வரிக்கு வாரேன்.

1988ல எனக்கு ஒம்பது வயசு. அன்னைக்கு இருட்டோடவே ரெண்டு பேர் பின்சந்து வழியா வந்தாங்க. ஒருத்தர் பெரியவர், இன்னொருத்தர் அவர் மகனா இருக்கலாம். கடப்பாக்கல்லை நெம்பி நகட்டி ஓரமா வச்சாங்க. கொஞ்ச நேரம் திறந்தபடியே விட்டாங்க. அப்புறம் சின்னவர் இடுப்புல கயிறு கட்டி உள்ள எறங்குனார். பெரியவர் மேல நின்னு வாளியை இழுத்து, கொல்லையில வெட்டி வச்சிருந்த குழியில ஊத்துனார். என்னைய வீட்டுக்குள்ள போகச் சொன்னாங்க. நான் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

முடிஞ்சதும் சின்னவர் கிணத்தடி ஓரமா நின்னு, "ஆச்சி, ஒரு சோப்பு இருந்தாக் குடுங்க"ன்னு கேட்டார். கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு. எங்க ஆச்சி பாதி தேஞ்ச லைஃப்பாய் துண்டை எட்ட நின்னு வீசுனாங்க. "திருப்பித் தர வேண்டாம்"னு சொன்னாங்க. வாளியில அவரைத் தொட விடாம, இவங்களே எட்ட இருந்து தண்ணி ஊத்துனாங்க. சோறு வாழை இலையில, சந்துப் பக்கம் வச்சு.

"சாப்பாடு தனி"ன்னு தாத்தா எழுதுனது, கூலி போகச் சாப்பாட்டுச் செலவு தனிங்கிற அர்த்தத்துலதான். எனக்கு இப்ப அதை அப்படி மட்டும் படிக்க முடியல. எங்க ஆச்சி கெட்டவங்க இல்ல. தெருவுல யாருக்கு ஒடம்பு சரியில்லன்னாலும் கஞ்சி வச்சு எடுத்துக்கிட்டுப் போற மனுஷி. அதனாலதான் இதை எழுதவே கஷ்டமா இருக்கு. நோட்டுல கடப்பாக்கல் குடுத்த கடைக்காரர் பேரு இருக்கு. கொத்தனார் பேரு இருக்கு. கருவேப்பிலைக்காரம்மா பேரு கூட இருக்கு. உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு உள்ள எறங்குனவங்க மட்டும் "ஆள் 2".

உயிரைக் கையில புடிச்சுக்கிட்டுன்னு பேச்சுக்குச் சொல்லல. மூடிக் கெடக்குற டேங்குல ஹைட்ரஜன் சல்பைடுனு ஒரு வாயு சேரும். அழுகின முட்டை வாடை அடிக்குமே, அதுதான். காத்தை விடக் கனம், அதனால கீழயே தேங்கி நிக்கும். மோசமான விஷயம் என்னன்னா, அளவு கூடக் கூட மூக்கு செத்துப் போயிரும், வாடையே தெரியாது. வாடை போயிருச்சு, இனி எறங்கலாம்னு நெனைக்கிற நேரம்தான் ஆபத்து அதிகம். இன்னும் கூடுனா ரெண்டு மூணு மூச்சுல ஆள் சரிஞ்சிருவார். காப்பாத்த எறங்குற அடுத்தவரும் சரிவார். ஒரே குழியில ரெண்டு பேர், மூணு பேர்னு செய்தி வாரது அதனாலதான். 1993ல இருந்து எண்ணுன கணக்குல, இப்படிச் செத்தவங்க அதிகமுள்ள மாநிலங்கள் வரிசையில தமிழ்நாடு முன்னாடி நிக்குது. 2017ல வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தைப் பாக்காதவங்க பாத்துருங்க.

1981லயும் 1988லயும் எங்க வீட்டுல எறங்குனவங்க உயிரோட ஏறி வந்தாங்க. அது எங்க அதிர்ஷ்டம். வேற யாரு வீட்டுல ஏறி வரலயோ தெரியாது.

லாரி

1997ல நோட்டுல ஆள் போயி லாரி வந்துருது. குழாயை உள்ள விட்டு மோட்டார் போட்டு உறிஞ்சிட்டு அரைமணி நேரத்துல போயிட்டாங்க. வீட்டுல எல்லாருக்கும் நிம்மதி. சோப்பு எறிய வேண்டியதில்ல, யாரையும் பாக்க வேண்டியதில்ல. பழைய காலத்துச் சந்து செஞ்ச வேலையை இப்ப லாரி செய்ய ஆரம்பிச்சிருச்சு.

லாரி எங்க போகுதுன்னு நாங்க கேக்கல. அதுக்குப் பதில் ஒருநாள் ராத்திரி தானா கெடைச்சுச்சு. சித்தி வீட்டுல இருந்து, அதாவது ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆடிப்பூரத் தேர் பாத்துட்டு, பால்கோவாப் பொட்டலத்தோட மாமா பைக்ல ராஜபாளையம் திரும்பிக்கிட்டு இருந்தோம். ரெண்டு ஊருக்கும் நடுவுல பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர்தான். வழியில ஒரு ஓடைப் பாலத்துக்கிட்ட ஒரு டேங்கர் லைட்டை அணைச்சுட்டு நின்னுச்சு. பின்னாடி குழாய் ஓடைக்குள்ள தொங்குது. வாடையே எல்லாத்தையும் சொல்லிருச்சு. மாமா வண்டியை முறுக்கி வேகமாப் போயிட்டார். அந்த ஓடை போயி விழுற கம்மா, கம்மாத் தண்ணி பாயுற வயல், அந்த வயல் அரிசி... அதுக்கு மேல நான் யோசிக்கல. பால்கோவா மட்டும் அன்னைக்கு எறங்கல.

லாரிக்காரரைத் திட்டி என்ன பிரயோஜனம்? கொண்டு போய் ஊத்த முறையான எடமே இல்லாம இருந்தா அவர் எங்க ஊத்துவார்? தமிழ்நாடு அரசு 2014ல இதுக்குன்னு வழிகாட்டு நெறிமுறை போட்டுச்சு. பக்கத்துப் பக்கத்து ஊர்களைத் தொகுப்பாச் சேத்து, இருக்கிற சுத்திகரிப்பு நிலையத்துல லாரிக் கழிவையும் எடுத்துக்கணும்னு அதுல சொன்னாங்க. மதுராந்தகம் பக்கத்துல கருங்குழியில மலக்கசடுக்குன்னே 2017ல தனி நிலையம் வந்துச்சு. 2022ல சட்டத்தைத் திருத்தி லாரிகளுக்கு உரிமம் கட்டாயம்னு ஆக்குனாங்க. அதாவது எங்க ஆச்சி காலத்துல இருந்து யாரும் கேக்காத "எங்க போகுது?"ங்கிற கேள்வியை அரசாங்கம் எழுத்துல கேக்கவே இத்தனை வருஷம் ஆயிருக்கு.

தெருவைத் தோண்டுன கதை

பாதாள சாக்கடைங்கிறது பெரிய ஊருக்கான விஷயமாத்தான் ரொம்ப நாள் இருந்துச்சு. லண்டன்ல 1858 கோடையில தேம்ஸ் நதி நாறி, பார்லிமெண்ட் ஜன்னல் திரையை எல்லாம் மருந்துல நனைச்சுத் தொங்கவிட்டுப் பாத்தும் தாங்க முடியாமத்தான் காசை ஒதுக்கி பேசல்ஜெட்டைக் கட்டச் சொன்னாங்க. பெரிய மனுஷங்க மூக்குக்கு எட்டுனாத்தான் காரியம் நடக்கும்ங்கிறது உலக வழக்கம் போல! நம்ம சென்னையில 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துலயே குழாய் பதிச்சாங்க. சின்ன ஊர்கள் காத்துக்கிட்டே இருந்துச்சு.

அதுல விதிவிலக்கா எல்லாரும் சொல்றது ஆலந்தூர். 1996ல அங்க நகராட்சித் தலைவரான ஆர்.எஸ்.பாரதி, அரசாங்கக் காசுக்காகக் காத்திருக்காம ஜனங்ககிட்டயே கேப்போம்னு எறங்குனார். வீட்டுக்கு 5,000 ரூபாய், கடை கண்ணிகளுக்கு 10,000 ரூபாய் முன்பணம். குழாய் வர்றதுக்கு முன்னாடியே ஆயிரக்கணக்கான வீடுகள் பணம் கட்டுனாங்க. மீதிக்குக் கடன், சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தனியார் முதலீடு. சுமார் 34 கோடி ரூபாய்த் திட்டம். நகராட்சி நம்பிக் கேட்டா ஜனங்க குடுப்பாங்கன்னு காமிச்ச ஊரு. 2011ல ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோட சேந்துருச்சு.

ராஜபாளையம் முறை வந்தது 2018ல. ஆசிய வளர்ச்சி வங்கி தமிழ்நாட்டு நகரங்களுக்குன்னு 50 கோடி டாலர் கடன் திட்டத்துக்கு ஒப்புதல் குடுத்துச்சு. முதல் தவணையில சென்னை, கோவை, திருச்சி, திருநெல்வேலி, வேலூர்னு பெரிய ஊர்கள் வரிசையில எங்க ஊரு பேரும் இருந்துச்சு. அதைப் படிச்சப்ப காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். பின்ன என்னங்க, அந்த வரிசையில மாநகராட்சி ஆகாத ஊரு எங்களோடதுதான்!

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பாதாள சாக்கடைக்கு முதல்ல வேண்டியது குழாய் இல்ல, தண்ணி. சாக்கடை உள்ள ஊர்ல ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் குடுக்கணும்னு மத்திய அரசோட பொறியியல் கையேடு சொல்லுது. சாக்கடை இல்லாத ஊருக்கு 70 லிட்டர் போதும். ஏன்னா மலத்தைத் தள்ளிக்கிட்டுப் போறது தண்ணிதான். குழாய்க்குள்ள வினாடிக்கு 60 சென்டிமீட்டர் வேகமாவது இருந்தாத்தான் அடியில படியாமப் போகும். தண்ணி கொறைஞ்சா மண்டிரும், அடைச்சுக்கும். ஆறாவது மைல் அணைத் தண்ணியை நம்பிக்கிட்டு, குழாயடியில கொடத்தை வரிசையில வச்சே வளந்த ஊரு எங்க ஊரு. அதனாலதான் தாமிரபரணித் தண்ணித் திட்டமும் சாக்கடைத் திட்டமும் கூடவே வந்துச்சு.

2011 கணக்குப்படி ராஜபாளையத்துல 1 லட்சத்து 30 ஆயிரம் பேர். ஆளுக்கு 135 லிட்டர், அதுல 80 சதவீதம் சாக்கடையாத் திரும்பும்னு வச்சுக்கிட்டா, ஒரு நாளைக்கு சுமார் 1 கோடியே 40 லட்சம் லிட்டர்! இத்தனை நாள் இதெல்லாம் மண்ணுக்குள்ளயும் வாறுகால்லயும் கம்மாயிலயும்தான் போயிருக்கணும்.

இன்னொரு பக்கம் எங்க ஊருக்கு ஒரு வரம் உண்டு. மேக்க மலை, கிழக்கே சரிவு. தண்ணி தானா கெழக்கே ஓடும். ஆனா தெருவுக்குத் தெரு மேடு பள்ளம் இருக்கும்ல? அங்கல்லாம் ஆழமாத் தோண்டணும். ரொம்ப ஆழம் போனா நீரேற்று நிலையம் கட்டி மேல தூக்கி விடணும். ஆக, ஒரே நேரத்துல குடிதண்ணிக்கு ஒரு பள்ளம், சாக்கடைக்கு ஒரு பள்ளம். மழை பெஞ்சா சகதி, காஞ்சாப் புழுதி. ஊருல கொஞ்ச காலத்துக்கு யாரு யாரைப் பாத்தாலும் "உங்க தெரு எப்படி இருக்கு?"ன்னுதான் நலம் விசாரிச்சுக்கிட்டாங்க.

அம்மாவோட கேள்வி

கொத்தனார் சொன்னதை அம்மாகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. எந்திரிச்சுப் போயி மூடிக் கெடந்த கிணத்து மேல உக்காந்துக்கிட்டாங்க.

"அப்ப இம்புட்டு நாளும் நம்மதான் நம்ம கிணத்துல..."ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டாங்க.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி சுவத்துக்கு அந்தாண்ட இருந்து எட்டிப் பாத்து, "முன்பணம் கட்டணும், மாசாமாசம் வேற கட்டணுமாம். டேங்க் நல்லா இருக்கிறவன் எதுக்குக் கட்டணும்?"னார். நியாயமான கேள்விதான். நான் சொன்னேன்: "அண்ணாச்சி, நம்ம டேங்க் நல்லா இருக்கிறதால நமக்கு நஷ்டம் இல்ல. நம்ம கிணத்துக்குத்தான் நஷ்டம். உங்க கிணத்துக்கும்தான்." அவர் கிணத்தையும் மூடி பல வருஷம் ஆச்சு. ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டார். (ரெண்டு வாரம் கழிச்சு அவரும் விண்ணப்பம் வாங்கிட்டார்னு கேள்வி.)

பாதாள சாக்கடையில இது ஒரு சிக்கல். தெருவுல பாதி வீடு சேந்து பாதி சேரலைன்னா குழாய்ல ஓட்டம் பத்தாது, அடைப்புதான் மிஞ்சும். போட்ட காசும் வீண், மீதி டேங்க் எல்லாம் நிலத்தடித் தண்ணியக் கெடுத்துக்கிட்டே இருக்கும். வாக்குச்சீட்டு மாதிரி, அவங்கவங்க வீட்டுல ஒரு முடிவு எடுக்கணும், ஆனா பலன் ஊருக்கே.

அம்மா கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "குழா அடைச்சுக்கிட்டா அதுல யாரு எறங்குவா?"

சத்தியமா சொல்றேன், இந்தக் கேள்வி எனக்குத் தோணவே இல்ல. வாயு, வேகம், லிட்டர் கணக்குன்னு பேசிக்கிட்டு இருந்த எனக்கு, ரெண்டு வார்த்தையில வேப்பிலை அடிச்சுட்டாங்க.

ஏன்னா மேன்ஹோல்லயும் அதே வாயுதான். எடுப்புக் கக்கூஸ் போச்சு, டேங்க் வந்துச்சு. டேங்குல ஆள் எறங்குனார். டேங்க் போயி குழாய் வந்தா, மேன்ஹோல்ல ஆள் எறங்குவாரா? அப்படின்னா நாம மாத்துனது கக்கூஸை மட்டும்தான், நோட்டுல எழுதுன வரியை இல்ல.

சட்டம் தெளிவா இருக்கு. 2013 சட்டப்படி பாதுகாப்பு இல்லாம ஒரு மனுஷரை டேங்குக்குள்ளயோ சாக்கடைக்குள்ளயோ எறக்குறது குத்தம். முதல் தடவைக்கே 2 வருஷம் வரை ஜெயில், இல்ல 2 லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும். அரசு அலுவலகம், ஒப்பந்தக்காரர் மட்டும் இல்ல, வீட்டுக்காரரும் இதுல மாட்டுவார். 2014ல உச்ச நீதிமன்றம், 1993ல இருந்து இப்படி செத்த ஒவ்வொருத்தர் குடும்பத்துக்கும் 10 லட்சம் குடுக்கணும்னு சொல்லுச்சு. 2023 அக்டோபர்ல அதை 30 லட்சமா ஒசத்துச்சு. ஆனா பணம் குடுக்கிறது செத்ததுக்கு அப்புறம். சாகாம இருக்கிறதுக்கு என்ன வழி?

வழி இருக்கு. அடைப்பு எடுக்க அழுத்தத் தண்ணி அடிக்கிற வண்டி, உறிஞ்சுற வண்டி எல்லாம் வந்தாச்சு. 2018ல கேரளாவுல சில இளைஞர்கள் மேன்ஹோலுக்குள்ள தானா எறங்கித் தூர் எடுக்கிற ரோபோ ஒண்ணு செஞ்சு திருவனந்தபுரத்துல எறக்குனாங்க. அதுக்கு 'பேண்டிகூட்'னு பேரு, அதாவது பெருச்சாளி. இதுல எங்க ஊருக்கு ஒரு சொந்தம் இருக்கு. அந்த இங்கிலீஷ் வார்த்தை தெலுங்கு 'பந்திகொக்கு'ல இருந்து போனது. ராஜபாளையத்துல வீட்டுல தெலுங்கு பேசுற ராஜுக்கள் நிறைய. எங்க பக்கத்து வீட்டுல பெருச்சாளியை அப்படித்தான் சொல்லித் திட்டுவாங்க!

இயந்திரம் இருக்கிறதுக்கும் அதைக் கூப்பிடுறதுக்கும் நடுவுல ஒரு ஆள் இருக்கார். அது நாமதான். ஞாயித்துக்கெழமை அடைச்சுக்கிட்டா, "வண்டி நாளைக்குத்தான் வரும், நாலு காசு குடுத்தா இப்பவே ஒருத்தர் வந்து எறங்குவார்"னு யாராவது சொல்லுவாங்க. அன்னைக்கு "நாளைக்கே வரட்டும்"னு சொல்றதுக்கு வீட்டுல ஆள் வேணும்.

அம்மா கையெழுத்துப் போட்டாங்க. இணைப்பு குடுக்கிற அன்னைக்குப் பழைய டேங்கை லாரி வச்சுக் காலி பண்ணி, மணலைப் போட்டு மூடணும்னு பிளம்பர் தம்பிகிட்ட சொல்லி வச்சோம். யாரையும் உள்ள எறக்கக் கூடாதுன்னு அம்மா ரெண்டு தடவை சொன்னாங்க. "இல்ல ஆத்தா, எறக்க மாட்டோம்"னு அந்தப் பையனும் ரெண்டு தடவை சொன்னான்.

சித்தி வீட்டுக்கு இன்னும் லாரிதான். அவங்ககிட்டயும் ரெண்டு கேள்வி கேக்கச் சொல்லியிருக்கேன்: "உரிமம் இருக்கா? எங்க கொண்டு போய் ஊத்துவீங்க?" லாரிக்காரர் மொறைச்சாராம். பரவாயில்ல, நாலு வீட்டுல கேட்டா அஞ்சாவது வீட்டுல பதில் தயாரா இருக்கும்.

ஊருக்குக் கெளம்புறதுக்கு முந்தின ராத்திரி 1988 நோட்டை மறுபடி எடுத்தேன். "ஆள் 2"ங்கிற வரிக்குப் பக்கத்துல அவங்க பேரை எழுதணும்னு தோணுச்சு. அம்மாகிட்ட கேட்டேன், தெரியலன்னாங்க. கொத்தனார்கிட்ட கேட்டேன், அவருக்கும் ஞாபகம் இல்ல. தெருவுல பெரியவங்க நாலு பேரைக் கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியல. எங்க வீட்டுக்குள்ள வந்து, எங்க வீட்டுக் குழிக்குள்ள எறங்கி ஏறுன ரெண்டு மனுஷங்க பேரு, நாலு நாளாத் தேடியும் கெடைக்கல. அந்த எடம் காலியாத்தான் இருக்கு.

அதனால வேற ஒரு வரி எழுதிட்டு வந்தேன். நோட்டுல கடைசிப் பக்கம், என் கையெழுத்துல: "சாக்கடை அடைச்சால் வண்டியை மட்டும் கூப்பிடவும். ஆள் வேண்டாம்." அம்மா அதுக்குக் கீழ தேதி போட்டாங்க. தாத்தா நோட்டுல தேதி இல்லாம எந்தக் கணக்கும் கிடையாது.

டிஸ்கி: உங்க ஊர்ல வாறுகாலுக்கு என்ன பேரு? உங்க வீட்டு டேங்குக்கு அடி பூசியிருக்கா? ரெண்டாவது கேள்விக்குப் பதில் தெரியலைன்னா கட்டுன கொத்தனாரைத் தேடிப் போங்க. அவங்களுக்கும் வயசாகிக்கிட்டே இருக்கு.